முதலாளி மனம் இரங்கினார்

கம்போடியாவிலிருந்து தென்கொரியாவுக்குக் கீரை பறிக்க வந்த சன்னாரி, மூன்று வருடமும் பண்ணை முதலாளி பியோவிடம் கெஞ்சியது ஒன்றுதான்.

"வேற பண்ணைக்குப் போறேன் முதலாளி. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் விட்டாத்தான் நீ போக முடியும். போய் வேலையைப் பாரு!" என்று ஒவ்வொரு முறையும் விரட்டுவார்.

அன்று காலை அவரே கீரை வளரும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வந்தார்.

"மேசையில நீ வச்ச காகிதத்தைப் பார்த்தேன். மறுபடியும் அதே பாட்டான்னு எரிச்சல்தான் வந்துச்சு. ஆனா ஆஸ்திரேலியாவுக்குப் பண்ணை வேலைக்குப் போன என் பொண்ணு நேத்து போன்ல அழுதா. அங்க பண்ணைக்காரன் அவளை விட மாட்டேங்கிறானாம். உடனே உன் நெனப்பு வந்துச்சு."

சன்னாரி எழுந்து நின்றாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"அதுக்கு மேலேயே! தொழிலாளர் ஆபீஸுக்கு நேராப் போய், உன்னை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துப் பதிஞ்சாச்சு. இனி நீ எங்க வேணாலும் போகலாம்!"

அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதாள்.

"அட, சந்தோஷத்துல அழறியா?"

"முதலாளி, அந்தக் காகிதத்தைப் படிச்சீங்களா?"

"எதுக்கு? வருஷா வருஷம் நீட்டுறதுதானே!"

"இல்ல. இந்த ஊர்லயே நிரந்தரமா தங்கறதுக்கு முதலாளி தர வேண்டிய சிபாரிசு அது. என்னை விட்டுட்டதால இனி நீங்க தர முடியாது. புது முதலாளி தரணும்னா அவர்கிட்ட முழுசா ஒரு வருஷம் வேலை செஞ்சிருக்கணும். என் விசா இன்னும் எட்டு மாசம்தான்."

பியோ பதறிப்போய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். குழைந்தார், கெஞ்சினார், கடைசியில் போனை இறக்கினார்.

"விட்டது விட்டதுதானாம்மா" என்று அவரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.