மிச்சத்தை அவள் சொன்னாள்

“அவர் பேசறது உங்களுக்கு மட்டும் எப்படிங்க புரியுது?”

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள் அவளிடம் கேட்டாள். அவள் சிரித்து மழுப்பினாள். யார் எதைக் கேட்டாலும் அவள் அப்படித்தான்.

பக்கவாதத்துக்குப் பிறகும் அவளுடைய பெரியப்பாவிடம் சொற்கள் தங்கியிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கத்தான் முடியவில்லை. கை, கழுத்து, முதுகு என்று தனித்தனியாக வெட்டிப் போட்ட துணி மாதிரி வந்து விழும். யாராவது தைத்தால்தான் சட்டை.

“செடி... தண்ணி... மாடிவீட்டுக்காரன்...” என்பார்.

மாடிவீட்டுக்காரன் செடிக்குத் தண்ணீர் ஊற்றினானா என்று கேட்கிறாரா? ஊற்றச் சொல் என்கிறாரா? ஊற்றி ஊற்றியே அழுக வைத்துவிட்டான் என்று திட்டுகிறாரா? எல்லாவற்றுக்கும் அதே மூன்று சொல்தான்.

அவள் அவருடைய புருவத்தைப் பார்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் மண் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு முழு வாக்கியத்தையும் அவர் காதுபடச் சொல்வாள். சரியாக இருந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருமுறை, “டாக்டர்... மாத்திரை... தெரு...” என்றார். மாத்திரையைத் தெருவில் வீசிவிட்டேன், டாக்டரிடம் போட்டுக்கொடுக்காதே என்று அர்த்தம். அதையும் அவள் பிசகாமல் பிடித்துவிட்டாள்.

இன்று அண்ணன் வந்திருந்தான். பெரியப்பாவின் ஒரே மகன். அண்ணியும் கூட வந்திருந்தாள். இருவருமாகச் சேர்ந்து முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். நல்ல வெளிச்சமான அறை, கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ். ஆனாலும் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

“வேண்டாம்னு அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும். இந்தப் பேச்சையே விட்டுடறேன்.”

“அவர் எங்க சொல்றது? நம்ம ஊமைக்கோட்டான்ல சொல்லணும்! இந்த வீட்டுக்கே இப்ப ஊமைதான் வாய்.” அண்ணி சிரித்தாள். சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் இவளுக்கு அதுதான் பெயர்.

அண்ணன் அப்பாவின் நாற்காலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விஷயத்தை நிதானமாகச் சொன்னான்.

பெரியப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. விளங்கிக்கொள்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கையால் நாற்காலியின் பிடியை இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

“நான்... வீடு... சாவு...”

சொல்லிவிட்டு, மகனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். மிச்சத்தை அவள் சொல்வாள் என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

இந்தமுறை புருவத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான் இந்த வீட்டில்தான் சாவேன்.

“என்ன சொல்றாரு?” என்றான் அண்ணன்.

அவள் தரையைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் சொல் அவளுக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். இன்று ஒரு தடங்கலும் இல்லை.

“இந்த வீட்ல இருந்தா நான் செத்தே போயிடுவேன்னு சொல்றாருண்ணா.”

அண்ணியின் சிரிப்பு நின்றது. அண்ணனின் முகம் அடிவாங்கிய பிள்ளையின் முகம் போலாகிவிட்டது.

“அப்பா... இங்க அவ்வளவு கஷ்டமாவா இருக்கு? நெஜமாவா?”

பெரியப்பா நாற்காலிப் பிடியை ஓங்கி அடித்தார். “ஆமா! ஆமா! ஆமா!”

அவருக்குள் ஆமாவும் இல்லையும் இடம் மாறிக் கிடந்தன. இல்லை என்று கத்தப் போனால் ஆமாதான் வாயில் வரும். பயிற்சிப் பெண்தான் அதைக் கண்டுபிடித்தாள். அவர் மகனிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்று இவளிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

இவள் மறக்கவில்லை. சொல்லவும் இல்லை.

“இத்தனை நாளா மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கியிருக்காரு பாரு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் எழுந்தான். பெட்டியில் துணி எடுத்துவைக்கப் போன அண்ணி, போகிற போக்கில் அவளிடம் கேட்டாள். “உங்கம்மாவும் இல்ல, அவரும் போய்ட்டா நீ என்னடி பண்ணுவ?”

அதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

அன்றும் இதே கூடம்தான். அவளுடைய அப்பா இறந்து, அம்மாவோடு பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடம். பெரியம்மா படுத்த படுக்கையாகிவிட்டிருந்தாள். வீட்டுவேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவளை நடுவில் நிறுத்தி, உன் விருப்பம் என்ன சொல் என்றார்கள். அத்தனை கண்ணும் தன் மேல் இருந்ததில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“நான்... பள்ளிக்கூடம்... நாளைக்கு...”

மிச்சத்தைப் பெரியப்பா சொன்னார். “போகலைன்னு சொல்றா. புள்ளையே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாகூட.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அவருக்கும் அன்று புரியாமல் இல்லை. தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள்.

அண்ணன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கார்க் கதவு திறந்தே இருந்தது. வாசலில் அவள் எதிரே வந்ததும் பெரியப்பா நின்றுவிட்டார். வாய் திறந்தது.

அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். ஒரு சொல் போதும். வசவாக இருந்தாலும் முழுசாக்கி உரக்கச் சொல்லிவிடக் காத்திருந்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வெறும் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, வராத காலை இழுத்தபடி, படி இறங்கிப் போனார்.