வால்வு திறந்த காலை

வற்றிப்போன எண்ணெய்க் கிணற்றின் வால்வை, இங்கே இன்ஜினியராக இருக்கும் என் மகள் சொன்னபடி, கால் சுற்றுத் திறந்திருக்கிறேன். கீழே பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் இளக, உள்ளே கேஸை ஏற்றி மூன்று வாரம் ஊறப்போடலாம் என்றவள் அவள்தான். ஊறப்போட இதென்ன அழுக்குத் துணியா என்று கேட்டேன். கம்பெனியோடும் மல்லுக்கட்டித்தான் அனுமதி வாங்கினாள். இன்று எண்ணெய் வராவிட்டால் கிணற்றை சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டு, அவளைக் கண்காணாத இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இன்னும் வெயில் ஏறவில்லை. கேஸ் மட்டும் சீறிக்கொண்டு வருகிறது. குழாய் வியர்த்து ஐஸாய்க் கிடக்கிறது. அவளுடைய ஹெல்மெட் புருவம்வரை இறங்கியிருக்கிறது. அதைத் தூக்கிவிடாமல், எண்ணெய் வரத்தைக் காட்டும் மீட்டர் முள்ளையே பார்க்கிறாள். "சிரிக்கணும்னா சிரிச்சிடுங்கப்பா." "சிரிக்க என்ன இருக்கு? ஏதாவது சாப்பிட்டியா நீ?" "வால்வைப் பாருங்கப்பா." கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொடுகிறேன். சற்றுமுன் ஐஸாய்க் கிடந்தது இப்போது வெதுவெதுவென்று இருக்கிறது. ஆழத்திலிருந்து ஏறிவரும் எண்ணெயின் சூடு அது. முப்பது வருஷமாக இந்த உள்ளங்கைக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைக்கிறேன். "அப்பா... மீட்டர் இன்னும் காட்டலையே." "அதுக்கு என்னடி தெரியும்!" அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கையையும் குழாயில் வைக்கிறாள். ஆயுசில் ஒருநாளும் நான் நம்பாத அந்த முள்ளைப் பார்த்து, ஏறித் தொலையேன், அவளுக்காகவாவது ஏறேன் என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.