ஆறாத தோள்

"உண்மையச் சொல்லுங்க செபாஸ்டின். எனக்குத் தெரியாம வெளையாடப் போறீங்கல்லா?"

"இல்ல மேடம். பந்தத் தொட்டே ஒன்றரை மாசம் ஆச்சு."

பிசியோதெரபிஸ்ட் ஈவாஞ்சலின் நம்பவில்லை. செபாஸ்டின் மாவட்ட வீல்சேர் கூடைப்பந்து அணியின் கேப்டன். வலது தோளில் தசைநார் லேசாகக் கிழிந்திருந்தது. இந்நேரம் ஆறியிருக்க வேண்டும். மாநில அணித் தேர்வுக்கு இன்னும் ஒரே மாதம்.

"வீட்ல வீல்சேரை யாரு தள்ளுதா?"

"பெர்சிதான்."

"ஆபீஸ்ல?"

"கூட வேலை பாக்குற பசங்க. ஹார்பர் கேட்டுலருந்தே தள்ளிட்டுப் போயிருவாங்க."

அவன் போனதும் இறால் கம்பெனியில் வேலையில் இருந்த அவன் மனைவி பெர்சிக்குப் போன் போட்டாள் ஈவாஞ்சலின்.

"பந்த பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன் மேடம்" என்றாள் பெர்சி. "தப்பா எடுத்துக்கிடாதீங்க. மத்த நாளெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. ஒங்ககிட்ட வந்துட்டு வார அன்னைக்குத்தான் தோளப் புடிச்சிட்டு ஒக்காந்திருதாங்க."

ஈவாஞ்சலினுக்குச் சுருக்கென்றது. தன் கையிலா தப்பு? எழுதிக் கொடுத்த பயிற்சிகளை எல்லாம் மறுபடி சரிபார்த்தாள். பாதியாகக் குறைத்தாள். அடுத்த முறையும் தோள் வீங்கித்தான் இருந்தது.

இத்தனை நாளும் அவன் சிகிச்சை அறைக்குள் வந்த பிறகுதான் அவனைப் பார்த்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை முன்கூட்டியே ஜன்னலோரம் வந்து நின்றாள்.

ஆட்டோக்காரர் அவனை வீல்சேரில் உட்காரவைத்தார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கவும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செபாஸ்டின் கிளினிக் வாசலின் சாய்தளத்தில் சக்கரத்தை உந்தி ஏறினான். பாதியில் வீல்சேர் பின்னால் வழுக்கியது. வலது கையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தினான். மறுபடி உந்தினான். மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்து சேர்ந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தவனிடம் வாசல் சாய்தளத்தைக் காட்டினாள்.

"இவ்வளவு செங்குத்தா இருக்குன்னு மொத நாளே சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல மேடம்? 'ஒங்கள மாதிரி ஆளுகளுக்காகவே கட்டுனேன்'னு அன்னைக்கு எவ்வளவு ஆசையாக் காட்டுனீங்க."