மேல எனக்கு, கீழ உனக்கு

"மேல எனக்கு, கீழ உனக்கு. இதுல பேச்சே கிடையாது."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல். பாலை அடுப்பில் வைக்க வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சரி, எடுத்துக்கோங்க. போன தடவை மேல நான்தானே எடுத்துக்கிட்டேன்," இது அம்மா. "பொண்ணு காதுல மட்டும் விழ வேண்டாம். ஆரம்பிச்சிடுவா."

மகள் காதில் அது வீட்டைப் பிரிப்பதாகவே விழுந்தது. ஊரில் அப்பாவும் அம்மாவும் இருப்பது மாடி வீடு. மேலே ஒரு போர்ஷன், கீழே ஒரு போர்ஷன், தனித்தனி வாசல். இவளோ குடும்ப நீதிமன்ற வக்கீல். 'எனக்கு, உனக்கு' என்று ஆரம்பித்த எத்தனை வயசான ஜோடிகளுக்கு இவளே மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்கு வந்து, இந்த வாடகை வீட்டில் தங்கி மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் இப்படி. நேராகப் போய்க் கணவனை உலுக்கி எழுப்பி, கேட்டதைச் சொன்னாள்.

அவன் போர்வைக்குள்ளிருந்தே சிரித்தான். "உன் எதிர்ல ரெண்டு பேர் தனித்தனியா டீ குடிச்சாலே வக்காலத்து ஃபாரத்தை நீட்டுவியே, வக்கீலம்மா!"

"சிரிக்காதீங்க. அப்பாவுக்கு பேப்பர் ஆபீஸ் பிரஸ்ல நைட் ஷிஃப்ட். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லேப்ல காலை ஷிஃப்ட். முப்பத்தோரு வருஷம்! அவர் செருப்பைக் கழட்டும்போது இவங்க செருப்பை மாட்டுவாங்க. நடுவுல இருபது நிமிஷம், ஒரு டீ. அவ்வளவுதான் குடித்தனம். இப்ப ரெண்டு பேருமே ரிட்டயர்டு. நாள் பூரா ஒரே சோபா, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. இந்தக் கேஸ் எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"மாமாவும் அத்தையுமா? போய் வேலையைப் பாரு."

பத்து மணிக்கு இருவரும் தொப்பி, கைத்தடி சகிதம் கிளம்பினார்கள். ஆளுக்கொரு ஃபிளாஸ்க். பாதை வழுக்கும், தனியாகப் போகவே கூடாது என்று மகள் முதல் நாளே சட்டம் போட்டிருந்தாள்.

"சேர்ந்துதானே போறீங்க?"

"சேர்ந்துதான், சேர்ந்துதான்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வக்கீல் மாடி ஜன்னலுக்கு ஓடினாள். குழந்தையின் பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். சாலை வளைவு வரைக்கும் ஜோடியாகத்தான் போனார்கள். வளைவில் அப்பா மேலே, காட்சிக் கோபுரத்துக்குப் போகிற பாதையில் ஏறினார். அம்மா கீழே, அருவிக்குப் போகிற பாதையில் இறங்கினாள். டாட்டா கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

கணவன் எட்டிப் பார்த்தான். "அட, மேல கீழன்னா பாதையா? வீடு தப்பிச்சுது போ!"

"வீடு தப்பிச்சா ஆச்சா? சேர்ந்து நடக்கக்கூடப் பிடிக்கலையேங்க அவங்களுக்கு!" பைனாகுலரை ஜன்னல் விளிம்பில் டக்கென்று வைத்தாள். அவனும் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் பிரிந்தால் யாருக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது? விடுமுறைக்கு இனி யாரோடு மலைக்கு வருவது, அம்மாவோடா, அப்பாவோடா?

ஐந்து மணிக்கு இருவரும் ஜோடியாகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே வரவில்லை. வெளி மதில்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் குசுகுசுவென்று பேச்சு. மகள் தலை தெரிந்ததும் கப்சிப்.

'கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்' என்று அவளுக்குப் பட்டது. அப்பாவை மட்டும் தனியாகச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"எங்கப்பா போனீங்க?"

"அருவிக்குத்தான்."

"ரெண்டு பேருமா?"

"பின்ன?"

"அருவி எப்படி இருந்துச்சு?"

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தாள். ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்குற! ஒரு குண்டு மனுஷன், தொப்பி தண்ணியில விழுந்துடுச்சு. ஷூவோட குதிச்சான் பாரு! தொப்பி கிடைச்சுது, ஒரு ஷூ போயிடுச்சு. அவன் பொண்டாட்டி கரையில நின்னுக்கிட்டு, 'இன்னொண்ணையும் கழட்டி விடுங்க, ஷூவாவது ஜோடியா போகட்டும்'கிறா!" அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. அருவிப் பக்கமே போகாத மனிதர் அருவியைக் கண்ணால் கண்டதுபோல் சொல்கிறார். கோர்ட்டில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்த சாட்சி.

"போதும்ப்பா! நீங்க மேல ஏறினதை என் கண்ணால பார்த்தேன். நேராவே கேக்குறேன். நீங்களும் அம்மாவும் பிரியப் போறீங்களா?"

அப்பாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. சத்தம் கேட்டு அம்மா உள்ளே வந்தாள்.

"என்னடி உளர்ற?"

"உளரலைம்மா. அவர் கூட நாலு அடி நடக்குறது உனக்கு அவ்வளவு கசக்குதா? சேர்ந்து போறதா எங்ககிட்ட பொய் சொல்லிட்டு ஏன் தனித்தனியா போறீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. அம்மாதான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"சேர்ந்தே போயிட்டா, சாயங்காலம் இவர்கிட்ட சொல்றதுக்கு எனக்கு என்னடி இருக்கும்?"