குழாய் நம்புவதற்காக ஒரு சண்டை

மாமனார் விட்டுச்சென்ற மனையை இரண்டாகப் பிரிக்க மாநகராட்சி அனுமதித்தது. ஆனால் இரண்டாவது குடிநீர் இணைப்பு ஓராண்டுக்குத் தற்காலிகம்தான். தண்ணீருக்காகப் பொய்யாகப் பிரிகிறவர்கள் பெருகிவிட்டதால், இரு வீட்டாரும் உண்மையிலேயே பிரிந்திருக்கிறார்களா என்று குழாயே ஒட்டுக்கேட்டு மாநகராட்சிக்குச் சொல்லும். ஒற்றுமையாக இருப்பது தெரிந்தால் இணைப்பு போய்விடும்.

மூத்த மருமகள் ஜெபராணியும் இளையவள் எஸ்தரும் ஆராதனை முடிந்து வரும் வழியில், குழாய்க்குக் கேட்காத தூரத்தில், ரகசியமாக ஒரு முடிவெடுத்தார்கள். தினமும் குழாயடியில் சண்டை போட வேண்டும். முதல் சில வாரங்கள் திட்டிவிட்டு உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வசவுகள் தீர்ந்துபோயின. குழாய் சந்தேகப்படுமோ என்ற பயத்தில் ஜெபராணி ஒருநாள் கத்தினாள்: "புள்ள இல்லாத வீட்டுக்கு எதுக்குடி தனித் தண்ணி?"

எஸ்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதன்பின் ஆராதனைக்கும் வேறு வழியாகப் போனாள். அவள் நன்றாக நடிக்கிறாள் என்றே ஜெபராணி நினைத்தாள்.

இணைப்பு நிரந்தரமான அன்று ஜெபராணி மீன்குழம்போடு ஓடினாள். "இனிமே பயமில்ல, எஸ்தரு. கதவத் தொற."

எஸ்தர் ஜன்னலை மட்டும் திறந்தாள். "அக்கா, அன்னைக்கு அந்தப் பேச்சு குழாய்க்கா, எனக்கா?"

"குழாய்க்குத்தான். சத்தியமா."

எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். குழம்புச் சட்டியோடு வெளியே நின்ற ஜெபராணிக்கு, தான் செய்தது பொய்ச் சத்தியமோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.