யார் நினைவாக?

ஹெப்சிபா ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே தொண்டு நிறுவனங்களுக்கு ஆன்லைன் நன்கொடை ஃபார்ம் செய்து கொடுப்பவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு முதியோர் இல்லம், ‘யார் நினைவாக?’ என்று ஒரு கட்டமும் வேண்டுமெனக் கேட்டிருந்தது. காலை பத்து மணிக்கு அதைச் சேர்த்தாள். லிங்க்கை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

பத்தேகாலுக்கு முதல் நன்கொடை வந்தது. பெயர் எட்வின். போன் நம்பரும் அவள் கணவனுடையதுதான். புதிய கட்டத்தில், ‘என் மனைவி ஹெப்சிபா’ என்றிருந்தது.

எட்வினுக்குத் தூத்துக்குடியில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து, அவள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். விளையாடுகிறான் என்று சிரித்துக்கொண்டே போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“அவிய குளிச்சிட்டிருக்காவ. நீங்க யாரு?”

“ஹெப்சிபா.”

“அவிய மொத சம்சாரம் பேரும் அதுதான்க்கா. எறந்து ரெண்டு வருசமாச்சு. பொறவுதான் என்னையக் கெட்டுனாவ.”

ஹெப்சிபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த இரண்டு வருடமும் அவன் மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்திருக்கிறான்.

“இப்பவும் மாசாமாசம் ராஜபாளையத்துக் கல்லறைக்குப் பூ வாங்கிட்டுப் போவாவ,” என்றாள் அந்தப் பெண். “நானும் ஒருக்கா போயிருக்கேன். கல்லுல போட்டோகூட பதிச்சிருக்கு.”

“பொய்! உன்னைய ஏமாத்திருக்கான். என்னையும் ஏமாத்திட்டான். நான் உசிரோட இருக்கேன்!” என்று ஹெப்சிபா தொண்டை கிழியக் கத்தினாள்.

“அலோ? அக்கா, சத்தமே வரலையே,” என்றாள் அவள். “எங்கேருந்து பேசுதிய?”