ஐந்து மூக்கு

"ஒரு கை" என்றாள் சோதனையை நடத்தும் மார்லீன், சலிப்போடு. "கண்ணைத் திறக்கலாம்."

தண்ணீர் ஆபீஸ் மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஆளுக்கொரு கண்ணாடிக் குடுவை. எல்லாவற்றிலும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

"போன மாசமும் ஒரு கை, அதுக்கு முந்தின மாசமும் ஒரு கை!" மேசையைத் தட்டினார் ஓட்டல்கார டெல்பர்ட். "யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"சொல்ல மாட்டேன். அதுக்குத்தானே கண்ணை மூடச் சொல்றேன்."

கலிஃபோர்னியாவில் காற்று கெட்டுக் கிடக்கிறது, பெட்ரோல் சுத்தமாக எரியட்டும் என்று அதில் ஈதர் என்ற ரசாயனம் ஒன்றைக் கலந்தார்கள். காற்று தேறியது. ராஸ்கோவின் பெட்ரோல் பங்க்கில் தரைக்கடித் தொட்டி கசிந்ததில், அந்த ஈதர் எங்கள் ஊர்க் கிணற்றில் குடியேறிவிட்டது. குழாயைத் திறந்தால் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை. கிணற்றை மூடினார்கள், பங்க்கையும்தான்.

சுத்தம் செய்தாயிற்று. கருவிகூட 'பரவாயில்லை' என்கிறது. கடைசிச் சோதனை மனித மூக்கு: கண்ணை மூடி மோந்து, வாடை அடித்தால் கை தூக்க வேண்டும். ஐந்தில் ஒரு மூக்குக்கு வாடை அடித்தாலும் கிணறு திறக்காது.

"மூக்கு கெடக் கூடாதுன்னு விடியற்காலையிலேருந்து காபி கிடையாது, சோப்பு கிடையாது" என்றார் டெல்பர்ட். "லாரித் தண்ணியில சூப் வெச்சு வெச்சு என் ஓட்டல்ல ஈ ஓட்டுறேன். இங்க ஒருத்தருக்கு மட்டும் மூக்கு அரிக்குது!"

அவர் பார்வை லோர்னா மேல் போய் நின்றது. ஊரில் கேன் தண்ணீர் விற்பது அவள் கடையில்தான்.

"என்ன பார்வை?"

"கிணறு திறந்துட்டா உன் கேனை எவன் வாங்குவான்?"

"ஒரு நாள் நீ அந்தக் கேனைத் தூக்கி வண்டியில ஏத்திப் பாரு. என் இடுப்பே போச்சு. நான் கை தூக்கலப்பா."

"பின்னே யாரு? பாதிரியார் பொய் சொல்லுவாரா? பஸ் ஓட்டுற நெல்டா, வீடு நிறையப் புள்ளைங்க, துணி துவைக்கத் தண்ணியில்லாம சாவுறா. ராஸ்கோவா? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவானா?"

எல்லோரும் ராஸ்கோவைப் பாவமாகப் பார்த்தார்கள். கிணறு திறந்தால்தான் பங்க்கைத் திறக்கலாம் என்று உத்தரவு. இந்த மாதமும் இல்லையென்றால் விற்றுவிட்டு மகள் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியதுதான் என்று உள்ளே வரும்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்லீன் வாயைத் திறந்தாள். யார் கை என்று சொல்லக் கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

"நீ கவலைப்படாதே ராஸ்கோ. இவளைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடச் சொல்றேன். லோர்னா, இனிமே உன் கடை வாசலை நான் மிதிச்சா என்னன்னு கேளு!"

லோர்னா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரு லோர்னா." குடுவையைப் பார்த்தபடியே சொன்னார் ராஸ்கோ. "மூணு தடவையும் தூக்கினது என் கை."

"உனக்கென்ன பைத்தியமா?" டெல்பர்ட் கத்தினார். "உன் பங்க்குய்யா அது!"

"என் தொட்டியிலேருந்து போனதுதானே இதுவும். இன்னிக்காவது அடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன். லேசாத்தான் அடிக்குது, பெயிண்ட் டப்பாவைத் திறந்து மூடின மாதிரி. உங்க யாருக்குமா அடிக்கல?"

பாதிரியார் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நெல்டா ஜன்னலைப் பார்த்தாள்.

மார்லீன் பெருமூச்சு விட்டாள். "சரி, இன்னொரு தடவை மோந்து பாருங்க. கண்ணை மூடுங்க. வாடை அடிக்கிறவங்க கை தூக்குங்க."

ராஸ்கோவின் கை எழுந்தது. பிறகு நெல்டா. பாதிரியார். லோர்னா.

வெகுநேரம் கழித்து, டெல்பர்ட்டின் கையும்.